துப்பாக்கிக்கு வேர்த்த மழைக்காலம்

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தடவை அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, வண்ணார்பேட்டையில் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் நம் கூட்டத்தில் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் ஊரில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, அரிவாள் என்றாலாவது ஒரு நியாயம் உண்டு என்றாள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அதை நடந்துகொண்டே சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் பேத்தியிடம் சொன்னால், உங்கள் அப்பாவை ஏன் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தில் என் அப்பாவுக்கு வந்த நோய்க்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், அப்புறம் என்ன நோய் என்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது புரியும்.

அது இரட்டைக்குழல் துப்பாக்கி. அப்பாவுடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, அம்பாசமுத்திரத்தில் வயலுக்கு வரும் பன்றியை விரட்ட வாங்கியது. நாங்கள் சைவக் குடும்பம். மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்காமல் வெளியே கொண்டு விடுகிற ஆட்கள். பெரியப்பா வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, பன்றி ஓடிவிட்டது என்று திருப்தியாக வந்து படுத்துக்கொள்வார். அந்தத் துப்பாக்கியால்தான் அவர் செத்துப்போனார்.

'தொடைக்கும்போது வெடிச்சிட்டு' என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னேன். தோட்டாவை உள்ளே போட்டுக்கொண்டு யாராவது துப்பாக்கியைத் துடைப்பார்களா என்று கேட்கிற வயது எனக்கு அப்போது இல்லை. கேட்கிற வயதில் இருந்தவர்கள் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அன்று காலையில் பெரியம்மா அவரிடம் ஏதோ சுருக்கென்று சொல்லிவிட்டாள், அதுதான் காரணம் என்று பேச்சைக் கிளப்பினார்கள். கிளப்பியது என் அத்தை, எங்களோடேயே இருந்த அப்பாவுடைய அக்கா. காரியம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருத்தரும் பெரியம்மா வாசலை மிதிக்கவில்லை.

துப்பாக்கி கொஞ்ச காலம் போலீசிடம் இருந்தது. பிறகு அப்பா அலைந்து திரிந்து லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்று அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அண்ணாச்சி கையில் இருந்த பொருள் கண்டவன் கைக்குப் போகக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார். அதோடு அவர் பேச்சும் நின்றுவிட்டது. சோறு போடவா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

எங்கள் வீடு எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்பா உப்பளத்தில் மேனேஜர். ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே, தாமிரபரணி கடலில் போய் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் அளத்துக்காரர்கள் கொடுத்த வீடு. வீட்டுக்கு முன்னால் பாத்திகள், பின்னால் ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆணியைப் பிடித்து இழுத்தால் பாதி கையோடு வரும். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த நிலைக்கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, முகம் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி தெரியும். அந்த வீட்டில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. அங்கேதான் அப்பா ஒரு துப்பாக்கியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினார்.

என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வண்ணார்பேட்டைக்குத்தான் வந்தார். அப்போது ஒரு பாய் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். கடை முழுக்கத் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. நாங்கள் உப்பளத்திலிருந்து வருகிறோம் என்றதும் பாய் உச்சுக்கொட்டினார். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். வெறுங்கையால் குழலைத் தொடக் கூடாது, தொட்டால் வேர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையோடு துருவேறும் என்றார். எண்ணெய்த் துணியால் துடைத்து, சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தில் கிடத்தச் சொன்னார். ஆனால் அவருக்குப் பெரிய கவலை தோட்டாவைப் பற்றித்தான். அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு மேல்கூடு காகிதம்.

"ஈரம் குடிச்சா காயிதம் ஊதிரும் அண்ணாச்சி. ஊதிட்டுன்னா குழல்ல எறங்காது. அப்புறம் அது தோட்டா இல்ல, பொம்மை" என்றார் பாய்.

அதற்கு அவரே வழியும் சொன்னார். சுட்ட சுண்ணாம்புக் கல்லை, நீர் படாததாகப் பார்த்து, துணிப்பையில் கட்டி, தோட்டாவோடு சேர்த்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி, விளிம்பில் மெழுகு ஊற்றிவிட வேண்டும். டின்னுக்குள் இருக்கிற ஈரத்தையெல்லாம் சுண்ணாம்பு குடித்துவிடும்.

அன்று வீட்டுக்கு வந்த அப்பா பேசினார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றுதான் வாய் நிறையப் பேசினார். சுண்ணாம்பு எப்படி ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் எப்படிச் சூடாகும், மெழுகை எப்படி ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, வகுப்பில் கேட்கிற பிள்ளையைப் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சுண்ணாம்பு இல்லாமல் போனால் தோட்டா எத்தனை நாளில் கெடும் என்று ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். வரப் போகிற மழைக்கு ஒரு மாசம் தாங்காது என்று அப்பா உற்சாகமாகப் பதில் சொன்னார். அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, டின்னைத் தொட்டுப் பார்த்து, ஆளைத் தொட்ட மாதிரி வெதுவெதுவென்று இருக்கிறது என்று கையை உதறினாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் ஒரே வெள்ளம். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்பா மட்டும் காலையில் குளித்து, சாப்பிட்டு, கடல் பக்கத்து அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய்த் துணியால் தடவிக்கொண்டே இருப்பார். துடைக்கிற வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறமும் கை மட்டும் போய்ப் போய் வரும்.

அம்மா என்னை அந்த அறை வாசலில் புத்தகத்தோடு உட்கார வைத்தாள். "அப்பாவப் பாத்துக்கிட்டே படி" என்றாள். என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அண்ணன் போன வழியிலேயே தம்பியும் போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வாள்? அடுக்களையில் அம்மி ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நிற்கும், "ஏட்டி, என்ன செய்யுதாக?" என்று குரல் வரும். "தொடைக்காக" என்பேன். அம்மி மறுபடி ஓடும். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு.

பிற்பகலில் கடல்காற்று திரும்பும்போது துப்பாக்கிக்கு வேர்க்கும். நான் கதை விடவில்லை. குளிர்ந்து கிடக்கும் இரும்பில் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்று பின்னாளில் நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த இருட்டு அறையில், யாரும் தொடாமல் கிடக்கிற குழலில் முத்து முத்தாக நீர் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து வழிவதைப் பார்த்தால் பாடமெல்லாம் நினைவுக்கு வராது. அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அண்ணாச்சி அழுகிறார் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியப்பா அவளுக்கும் மூத்தவர்.

"பாவநாசத்துல கரைச்ச சாம்பல் எங்க போவும்? இந்த ஆத்தோடதான வரும். ஆறு முடியுத எடத்துல நாம இருக்கோம்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் பயமாக இருந்தது.

பெரியப்பாவைச் சாந்தப்படுத்த அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை தோறும் விபூதியைத் தண்ணீரில் குழைத்து, பெரியப்பா நெற்றியில் இட்டுக்கொள்கிற மாதிரியே, துப்பாக்கிக் குழலில் மூன்று விரலால் பட்டை போட்டாள். அம்பாசமுத்திரத்தில் ஆயுத பூசைக்கு இப்படிப் போடுவது வழக்கம்தான். அப்பா மறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் எண்ணெய்த் துணியால் துடைத்தால் விபூதி போய்விடும். அது இருந்த இடத்தில் சிவப்பாக மூன்று கோடு இருக்கும்.

அப்பா அதைத் தேய்த்து எடுப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை போடுவாள். சனிக்கிழமை மறுபடி மூன்று சிவப்புக் கோடு, முன்னைவிட ஆழமாக. சாம்பலிலும் உப்பு உண்டு. உப்புக்காற்றில் அது ஈரத்தை இழுத்துப் பிடித்து இரும்பைத் தின்றுவிடும். அம்பாசமுத்திரத்துக் காய்ந்த காற்றில் அது ஒன்றும் செய்திருக்காது. ஆனால் சொல்லுங்கள், விபூதி கெடுதல் செய்யும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்? அத்தை அது அண்ணாச்சியின் நெற்றி என்றாள். அப்பா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். போகப் போகத் தேய்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் நான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, குழலின் வாயில் காதை வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூப்பிட்டார். என் காதையும் வைக்கச் சொன்னார். இரும்பு சில்லென்று இருந்தது. உள்ளே, வெகு தூரத்தில், 'ஊ' என்று ஒரு சத்தம். சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அது.

"கேக்கா? அண்ணாச்சி கூப்பிடுதாக" என்றார் அப்பா.

நான் அடுக்களைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், ஏதோ விளையாட்டைச் சொல்கிற மாதிரி. அம்மா மிளகாய் அரைத்த கையோடு அப்படியே நின்றாள். அப்புறம் கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் கடல் பக்கத்து அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். விரல் நகத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். கூட்டினேன் என்றாள். கையில் துடைப்பம் இல்லை.

அந்த நாள் கார்த்திகையில் வந்தது. விடாத மழை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா என்னைப் பார்த்து, செம்பில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பினால் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அம்மாவும் கேட்டுவிட்டாள். ஓடி வந்தாள். கதவைத் தட்டுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அவள் செய்யவில்லை. கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

உள்ளே டின் மூடியை நெம்புகிற சத்தம். பிறகு காகிதம் இரும்பில் உரசுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும். இன்னொரு தடவை உரசும். எதையோ கீழே போடுவார், இன்னொன்றை எடுப்பார், மறுபடி உரசல். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு உரசலுக்கும் தலையை ஆட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் வாழ்நாளில் அதைப் போல் பயந்து நான் எதையும் கேட்டதில்லை, இன்றைக்குவரை.

அப்புறம் சத்தமே இல்லை. மழை மட்டும் பெய்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

தாழ்ப்பாள் திறந்தது. அப்பா ஒரு கையில் தோட்டா வைத்திருந்தார். அது பருத்து, மேல்காகிதம் உரிந்து, நனைந்த அவல் மாதிரி இருந்தது. மற்றொரு கையில் அந்தத் துணிப்பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பையை முகர்ந்தார். பிறகு விரலை அதில் தொட்டு நாக்கில் வைத்தார். வாழ்நாள் முழுக்க உப்பை ருசி பார்த்தே தரம் சொன்ன மனிதர்.

"நம்ம அளத்து உப்பு" என்றார். "நீயா வச்ச?"

"ஆமா" என்றாள் அம்மா.

சுண்ணாம்பை எடுத்து எறிந்துவிட்டு, அதே பையில் ஈரமான கல்லுப்பைக் கட்டி வைத்திருக்கிறாள். அது கசியக் கசிய எடுத்துவிட்டு வேறு உப்பு. ஒவ்வொரு தடவையும் மெழுகை உருக்கி, பாய் சொன்னபடி, அப்பா விளக்கினபடி, அச்சு அசலாக ஊற்றி மூடியிருக்கிறாள்.

"எப்பலேருந்து?"

"நீங்க சுண்ணாம்பு வச்சு மூடின மறுநாள்லேருந்து."

அப்பா தோட்டாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எனக்கே அப்ப அந்த நெனப்பு இல்லியே. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"தெரியாது. பயந்தேன்" என்றாள் அம்மா.

அப்பா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். பெரியப்பாவைத் தூக்கிப் போகும்போதுகூட அவர் அப்படி அழவில்லை. அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தத் தண்ணியை அப்பாவுக்குக் குடு என்றாள். செம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. பாதி என் பாவாடையில் சிந்தியிருந்தது.

அத்தை கோயிலிலிருந்து வந்தபோது துப்பாக்கி சாக்கில் சுற்றியிருந்தது. அண்ணாச்சியை வெளியே அனுப்புகிறாயே என்று அழுது பார்த்தாள். அப்பா மழையோடு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, இனி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மழை விட்டதும் அம்மா அவரை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினாள். பெரியம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. என்னையும் கூட்டிப் போனார்.

பெரியம்மா எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வா என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் எவ்வளவு இளைத்திருந்தாள் தெரியுமா? அப்பா உட்காரவில்லை. முற்றத்தில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னார், காதை வைத்துக் கேட்டது, கதவைச் சாத்தினது, உப்பு, எல்லாம். நான் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நானும் தோட்டாவ ஒளிச்சுத்தான் வச்சேன் தம்பி" என்றாள். "அரிசிப் பானைக்குள்ள பொதைச்சு வச்சேன். அவுக தேடி எடுத்துட்டாக. அரிசிக்குள்ள கெடந்ததுல்லா, ஒண்ணுகூடக் கெடல."

அப்பா முற்றத்து ஈரத்தில் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். எழுந்திரு என்று அவள் உடனே சொல்லவில்லை. வெகுநேரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே போய், எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.